இரண்டு விரல் இடைவெளி

கன்னியம்மாவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது மானாமதியில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடையில் எடை குறைந்தால் அவளை முன்னால் தள்ளிவிட்டு மற்றவர்கள் பின்னால் நின்றுகொள்வார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு வேர் உண்டு. அவள் அப்பா குடித்தே செத்தவர். குடிக்கிறவனுக்குச் சோறு போடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செங்கல்வராயனுக்குக் கழுத்தை நீட்டினாள். அவனும் சொன்ன சொல் தவறாதவன். நிலம் கைவிட்டுப் போனபின் சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு காலையில் போன் வந்தது. பேசியவன் சூப்பர்வைசர் தர்மராஜ். உன் புருசன் குடித்துவிட்டு வந்து கேட்டில் விழுந்துகிடக்கிறான், வந்து அள்ளிக்கொண்டு போ என்றான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது செங்கல்வராயன் சுவரோரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூட வேலை செய்கிறவர்கள், பெருக்குகிற பெண்கள், கேப் டிரைவர்கள் என்று ஒரு கூட்டமே வேடிக்கை பார்த்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் திறந்துவிட்டாள்.

"எங்க நைனா மாரியே நீயும் ஆயிட்டியா? குடிகாரன்னு சொல்லிக்கினு ஊர்ல எப்டி நடப்பேன்?"

நான் குடிக்கவில்லை என்று அவன் ஒருமுறை சொன்னான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று அதையும் வெட்டிவிட்டாள். இனி வேலைக்கு வராதே என்று தர்மராஜ் அவனை அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலையில் வேலையைக் கெஞ்சிக் கேட்கலாம் என்று அவன் யூனிஃபார்மை மாட்டினான். மூச்சை இழுத்துப் பிடித்துக் கழுத்துப் பொத்தானைப் போட்டான், டையை ஏற்றினான். தொப்பி எங்கே என்று கேட்டபடி பக்கவாட்டில் திரும்பியவன், வெட்டிய மரமாகச் சாய்ந்தான். கன்னியம்மா ஓடிவந்து முதலில் செய்த காரியம், அவன் வாயை மோந்து பார்த்தது. அவள் கொடுத்த டீயின் வாசனைதான் வந்தது. டையையும் பொத்தானையும் பிய்க்காத குறையாக அவிழ்த்தாள். அவன் கண் விழித்தான்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் டாக்டர் ஹெலன். படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தின் ஒரு பக்கத்தை விரலால் மெல்ல அழுத்தித் தேய்த்தார். திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு நேராகப் போனது. கன்னியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் விரலை எடுத்ததும் கோடு மறுபடி துள்ளியது.

தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது என்றார் டாக்டர். அதன் சுவரில் நரம்புகள் ஓயாமல் காவல் இருக்கின்றன. ரத்தம் வேகமாக முட்டிச் சுவர் விரிந்தால், மூளைக்குச் சேதி போகும். மூளை இதயத்தை மெதுவாக்கும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். நாம் சட்டென்று எழுந்து ரத்தம் காலுக்கு இறங்கினால், அப்படியே தலைகீழாக நடக்கும். நம்மை யாரும் கேட்பதில்லை. ஆடு, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். வயதாகும்போது சிலருக்கு அந்தக் காவல் கொஞ்சம் கெடுபிடியாகிவிடும். காலர் அழுத்துவதையே ரத்தம் ஏறிவிட்டதாக நினைத்து இதயத்தை நிறுத்திப் பிடிக்கும். தலைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுவான். கழுத்தை எதுவும் இறுக்கக் கூடாது, மறுபடி மயக்கம் வந்தால் மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவு இறுக்கமாக யார் போடச் சொன்னது என்று கன்னியம்மா கேட்டாள். அப்போதுதான் அவன் சொன்னான். தினமும் வரிசையில் நிற்கவைத்துத் தர்மராஜ் ஒவ்வொருவர் காலருக்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பானாம். விரல் நுழைந்தால் திட்டுதான். சட்டையோ, வேலையை விட்டுப் போன ஒரு ஒல்லிப் பையனுடையது.

திரும்பும் பஸ் மானாமதியில் நின்றது. அவள் இறங்கவில்லை, அவனையும் கூட்டிக்கொண்டு திருப்போரூர் போய்ச் சிறுசேரிக்கு வண்டி மாறினாள். தர்மராஜ் சீட்டைப் படித்துவிட்டு, சரி, பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நாளை வேலைக்கு வரட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னான்.

"வேலைய அப்பால பேசலாம். கன்னுக்குட்டிக்குக் கயிறு கட்னாகூட ரெண்டு வெரல் போற எடம் வுட்டுத்தான் முடிச்சு போடுவோம். நீ மனுசனுக்கு ஒரு வெரல் எடம் வுடல. அவன் வுழுந்ததும் குடிகாரன்னுட்ட. எல்லார் எதிர்லயும் தானே சொன்ன, இல்லன்னு இப்போ எல்லார் எதிர்லயும் சொல்லு."

ஏதோ வாய் தவறி வந்துவிட்டது, பெரிசுபண்ணாதே என்று முனகிக்கொண்டே அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேபினுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். கூட்டம் மறுபடி கூடிவிட்டது. அதே முகங்கள். கன்னியம்மாவுக்குக் கதவை உடைக்கலாம் போல ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்திலேயே அவளுக்கு உறைத்தது. தர்மராஜ் அவளிடம் போனில்தான் சொன்னான். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் தொண்டை கிழியக் கத்தியது அவள்தான். அவனாவது வெளியாள், இவள் பெண்டாட்டி.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஆளு குடிக்கல. எந்நாளும் குடிச்சது இல்ல. நாந்தான் மோந்துகூட பாக்காம பேசிட்டேன்."

செங்கல்வராயன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கி இத்தவிட சத்தமா சொன்ன."

கன்னியம்மா மூச்சை இழுத்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி மறுபடியும் சொன்னாள்.