முதலியார்பேட்டைக் கிணறும் என் ஒரு பிடி பருப்பும்

1979, மே மாதம். கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்குச் செங்கத்திலிருந்து கிளம்பினேன். தோள்பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, கைக்குட்டையில் முடிந்த ஒரு பிடி துவரம்பருப்பு. பருப்பை எடுத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் மகள் வளர்மதியைப் புதுச்சேரி முதலியார்பேட்டையில் பெண் கேட்டிருந்தார்கள். "வீட்டுக்குள்ளேயே கிணறு, கல்கண்டுத் தண்ணீர்" என்றார் தரகர். கடலோ அந்த வீட்டிலிருந்து ஒரு மைலோ ஒன்றரை மைலோதான். கடலோரத்தில் கல்கண்டா? தரகர் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தையும் நம்பாமல் இருப்பது என் வழக்கம்.

இந்த வழக்கம் சும்மா வரவில்லை. என் அக்காவுக்கு ஐப்பசி மாதத்தில் மாப்பிள்ளை பார்த்தோம். அடைமழை, அவர்கள் வீட்டுக் கிணறு இனித்தது. சித்திரையில் அதே கிணறு உப்புக் கரித்தது. இரண்டு மைல் நடந்து குடம் சுமந்தே அவள் இடுப்பு போயிற்று. மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். அதனால்தான் கத்திரியில் கிளம்பினேன். துவரம்பருப்பு உப்புத் தண்ணீரில் வேகாது. அவர்கள் வீட்டுப் பருப்பை நம்பவும் முடியாது. சீக்கிரம் வேகச் சோடா உப்பைக் கலந்து வைத்திருந்தால் என்ன செய்வது?

காலை ஏழு மணிக்குத் திருவண்ணாமலையில் பேருந்து மாறினேன். செஞ்சி, திண்டிவனம் வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கட்டணம் ஆறு ரூபாய் எண்பது காசு. வழியெல்லாம் ஏரிகளில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர், "புதுச்சேரிக்கா? போறப்ப பை லேசு, வர்றப்ப கனம், இல்லியா?" என்று கண்ணடித்தார். நம் பக்கம் மதுவிலக்கு, அங்கே இல்லை. நான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குப் புதுச்சேரி. முதலியார்பேட்டைக்குச் சைக்கிள் ரிக்‌ஷா இரண்டு ரூபாய். தெருமுனையில் திரும்பும்போதே பார்த்தேன்: பீப்பாய் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தது.

"இது யார் வீட்டுக்கு?" என்று ரிக்‌ஷாக்காரரைக் கேட்டேன்.

"அங்க யாரோ வூடு கட்றாங்க சார். செவுத்துக்கு ஊத்தறதுக்கு."

சுவருக்கா, சம்பந்தம் பேச வருகிறவனை ஏமாற்றக் கிணற்றுக்கா? மனதில் குறித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாயார் அஞ்சலையம்மாள் வாசலிலேயே நின்றார். கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. மகன் சேகர் தட்டாஞ்சாவடி இரும்புப் பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பவன்; எனக்காக அரைநாள் விடுப்பு எடுத்துச் சைக்கிளில் வந்திருந்தான்.

"வாங்கண்ணே. மொதல்ல தண்ணி குடிங்க."

குடித்தேன். இனித்தது. முதல் சொம்பு யார் வீட்டிலும் இனிக்கும்.

கிணறு கொல்லையில் இருந்தது. இராட்டினம், கயிறு, வாளி. அந்த வெயிலிலும் பத்தடியில் தண்ணீர் மின்னியது. மோட்டார் இல்லை. வேலைக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் மோட்டார் ஏன் இல்லை? வண்டித் தண்ணீரை ஊற்றியிருந்தால் வாளி வாளியாக இறைக்க இறைக்க உப்பு தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். குளிக்க வேண்டும் என்றேன்.

"நீங்க நில்லுங்க மாமா, நான் எறைக்கிறேன்" என்று சேகர் கயிற்றைப் பிடித்தான்.

பத்து வாளி குளித்தேன். வேட்டி அலச வேண்டும் என்றேன். பிறகு அங்கிருந்த வாழைக்கு ஊற்றச் சொன்னேன், தென்னைக்கு ஊற்றச் சொன்னேன். ஐந்து வாளிக்கு ஒருமுறை கொப்பளிக்கிற சாக்கில் ருசி பார்த்தேன். நாற்பது வாளி ஆயிற்று. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் இனித்துக்கொண்டே இருந்தது.

"மோட்டார் போட்டுக்கலாமே, தம்பி?"

"வேணாம் மாமா. மழைத் தண்ணி மணல்ல எறங்கி மேலாக்க நிக்குது. உப்புத் தண்ணி கனம், அது அடியில கெடக்கும். நாம அளவா மொண்டா, மேல இருக்கறது கெணத்துக்கும் வரும், மிச்சம் கடலுக்கும் போவும். மோட்டார் போட்டு உறிஞ்சினா அடியில இருக்கற உப்பு மேல ஏறிடும். ரெண்டு தெரு தள்ளி ஒரு வூட்ல அப்படித்தான் ஆயிப்போச்சு."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. பொருத்தமான பதில் என்றால் எனக்குக் கூடுதல் சந்தேகம்.

பன்னிரண்டரை மணிக்குக் கைக்குட்டையை அவிழ்த்துப் பாதிப் பருப்பை எடுத்துக் கொடுத்தேன். "இந்தப் பருப்பை உங்கள் கிணற்றுத் தண்ணீரில் வேகவையுங்கள் அம்மா, வேறெதுவும் போடாமல்" என்றேன். அஞ்சலையம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பருப்பை அடுப்பில் வைத்தார்.

பக்கத்து அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "இந்தக் கடலோரத்தில் எப்படியம்மா நல்ல தண்ணீர்?" என்று விடாமல் கேட்டேன். அவர் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கி, அடியில் திரண்டிருந்த துளிகளை என் உள்ளங்கையில் சொட்டவிட்டார்.

"நாக்குல வெச்சுப் பாருங்க. குழம்புல ரெண்டு கை உப்பு போட்டுக்கீறேன். மூடியில உப்பு கீதா?"

இல்லை. மீன் வாசனைதான் இருந்தது.

"கடலும் அப்பிடித்தாண்ணே. வெயிலு தண்ணிய மட்டுந்தான் தூக்கும். உப்பு கீழயே தங்கிடும். அதுதான் மழையா வந்து எங்க கெணத்துல எறங்குது."

ஒன்றரை மணி ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. பருப்பு வேகவில்லை. கரண்டியால் மசித்தால் கல் மாதிரி விலகி ஓடியது. அஞ்சலையம்மாளின் முகம் வாடிவிட்டது.

"பருப்பு பழசு போல கீதுண்ணே."

ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம்! இனி எனக்கு எதுவும் கேட்க வேண்டியதில்லை. சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு, "ஊருக்குப் போய் எழுதுகிறேன்" என்றேன். எழுதப்போவது என்னவென்று அவருக்கும் புரிந்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, தக்கையால் அடைத்துக் கொடுத்தார்.

"உங்க ஊட்ல வெச்சு, உங்க கையால இன்னொரு தரம் பாருங்கண்ணே. அப்புறமா எழுதுங்க."

மாலை நான்கு மணிப் பேருந்து. கோரிமேடு எல்லை தாண்டியதும் மதுவிலக்குச் சோதனை. காவலர் ஒருவர் என் பையில் கைவிட்டார், புட்டி வந்தது. பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"என்னய்யா இது?"

"கிணற்றுத் தண்ணீர் ஐயா."

"புதுச்சேரிலேருந்து கெணத்துத் தண்ணியக் கொண்டுபோறியா? எறங்கு கீழ."

சத்தியம் செய்தேன். பெண், மாப்பிள்ளை, பருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. நாள் முழுக்க நான் ஒரு குடும்பத்தை எந்தக் கண்ணால் பார்த்தேனோ, அதே கண்ணால் அவர் என்னைப் பார்த்தார். கூசிப்போனேன். அவர் முகர்ந்தார், ஒரு வாய் ஊற்றிக்கொண்டார், தாகம் போலும், இன்னொரு வாயும் குடித்தார்.

"நல்ல தண்ணிதான். எந்தக் கெணறு இது? எங்க குடியிருப்புல கொழா தொறந்தா உப்பு. போ, ஏறு."

அவருக்கு என் பெண்ணைப் பற்றி என்ன அக்கறை? பொய் சொல்ல அவசியமே இல்லாத மனிதர். அப்படியானால் பருப்பு ஏன் வேகவில்லை? திண்டிவனம் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டில், கைக்குட்டையில் மிச்சமிருந்த பருப்பை எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே போடச் சொன்னேன். என் மனைவி மங்கை கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இதை எங்கருந்து எடுத்தீங்க?"

"பரணில் இருந்த தகர டப்பாவில்."

"அய்யோ, அது ரெண்டு வருஷத்துப் பழசுங்க. மாட்டுக்குப் போடலாம்னு தூக்கி வெச்சது. பாற்கடலைக் கொண்டாந்து ஊத்தினாலும் அது வேகாது."

புதுப் பருப்பைப் புட்டித் தண்ணீரில் போட்டாள். முக்கால் மணியில் குழைந்துவிட்டது. மங்கை சிரித்தாள். நான் வெட்கப்பட்டேன், வேறென்ன செய்ய?

வளர்மதி கதவோரம் வந்து நின்றாள்.

"தண்ணி நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அவரு எப்பிடிப்பா இருக்காரு?"

கிணற்றின் ஆழம் சொல்வேன், கயிற்றின் நீளம் சொல்வேன். பையனின் முகம் நினைவில் இல்லை. நான் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாற்பது வாளி இறைத்தான், அம்மா. எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை."

"நீங்க சொன்னீங்களா, எதுக்குன்னு?"

"இல்லை."

"அப்ப அதைப் போய்ச் சொல்லிட்டு வாங்கப்பா."

அதற்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு மறுபடியும் செங்கத்திலிருந்து கிளம்பினேன். அதே பேருந்து, ஆளுக்கு அதே ஆறு ரூபாய் எண்பது காசு. இந்தத் தடவை மங்கையும் கூட வந்தாள். பையில் பருப்பு இல்லை.