சொன்னதைக் கேட்ட கம்ப்யூட்டர்

வீட்டில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். வைத்தவர் கணவர். கல்யாணமான முதல் வாரத்திலேயே, தையல்காரரான அவருடைய புது மெஷினை, "சத்தம் ஒரு மாதிரி வருதே" என்று கழற்றித் தரையில் பரப்பிவிட்டாள். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சம். மெஷின் என்னவோ முன்னைவிட அமைதியாக ஓடியது. அந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை இருவருக்கும் தெரியாது.

இந்தக் குணத்துக்கு ஏற்ற வேலையும் வாய்த்தது. ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எது சூடாகிறது, எதில் இடம் தீர்கிறது என்று கவனித்துச் சொல்ல, அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதிதாக ஒரு கண்காணிப்பு மென்பொருளை ஏற்றியிருந்தார்கள். மூலைமுடுக்கெல்லாம் எட்டிப் பார்க்க வேண்டியிருப்பதால் அதற்குச் சர்வ அதிகாரம். வரவேற்பறையில் உட்காருபவர் கம்ப்யூட்டருக்குள் நுழையும் கணக்குக்கோ அதன் கடிகாரத்தை மாற்றக்கூட உரிமை கிடையாது.

ஒரு நாள் காலை வரவேற்பறைக் கம்ப்யூட்டர் நத்தையாக நகர்ந்தது. குடைச்சல் போய் உட்கார்ந்து, அந்த மென்பொருளின் ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்ன ஃபைல். மென்பொருள் சற்றைக்கொரு தரம் அதைப் படித்து, எழுதியிருக்கும் கட்டளையை அப்படியே செய்யும். இதை யாரெல்லாம் மாற்றலாம் என்று பார்த்தாள். யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு, வரவேற்பறைக் கணக்கில் இருந்தபடியே ஒரு வரி சேர்த்தாள். 'நீ யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறாய் என்று எழுதி வை.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'தலைமை நிர்வாகி.'

அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. பக்கத்திலிருந்த வரவேற்பறைப் பெண்ணின் பிஸ்கட்டைக் கேட்காமலே எடுத்துத் தின்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"நீதான் இந்த இடத்துக்கே ராணி. உனக்குத்தான் தெரியல."

விஷயத்தைக் கேட்ட மேனேஜர் நம்பவில்லை. "விளையாடாதீங்கம்மா. அந்தக் கணக்குல கடிகாரத்தைக்கூடத் தொட முடியாதே."

"நீங்களே உக்காந்து பாருங்க சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 'மகாராஜா' என்ற பெயரில் ஒரு புது நிர்வாகியை உண்டாக்கச் சொல்லி அந்த ஃபைலில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் மகாராஜா திரையில் எழுந்தருளினார். மேனேஜர் சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். சுற்றி முடிக்கும்போது முகம் மாறியிருந்தது.

"அப்போ இந்த சீட்ல உக்கார்ற யாரு வேணா, யாரோட ரிசல்ட்டை வேணா மாத்திடலாமே."

இருவருக்கும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மகாராஜாவை அங்கேயே பதவியிறக்கிவிட்டு, அறை அறையாக ஓடி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்த ஃபோல்டரை யாரும் தொட முடியாதபடி அடைத்தார்கள்.

மென்பொருள் செய்த கம்பெனிக்கு அவள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். 'ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவரால்தானே இதைச் செய்ய முடியும்? ஆகவே இது குறையல்ல' என்று பதில் வந்தது. குடைச்சலுக்குச் சுர்ரென்றது. உடனே ஃபோன் போட்டாள். எடுத்தது அந்தக் கம்பெனியின் பொறியாளர், ஒரு பெண்.

"ரத்தம் குடுக்க வந்து வரிசையில நிக்கிறவங்களும் உள்ளதான் இருக்காங்க மேடம். அவங்க கையில பீரோ சாவியைக் குடுப்பீங்களா?"

"அப்படியில்ல மேடம், அந்த ஃபைலை சாதாரண ஆளுங்களால..."

"உங்க கம்ப்யூட்டர்லயே ஒரு சாதாரண கணக்குல நுழைங்க. நான் சொல்றதைத் தட்டுங்க."

தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றது குரல். மேடம் அதற்குள் அக்காவாகியிருந்தாள். "லைன்லயே இருங்கக்கா, வெச்சிடாதீங்க."

நாற்காலி உருளும் சத்தம், யாரோ ஓடும் சத்தம், பல குரல்கள். "நீ என்னமோ தப்பா பண்றே, தள்ளு" என்றார் ஒருவர். மறுபடி தட்டும் சத்தம். அப்புறம் அவரே சிரிக்கத் தொடங்கினார். இந்தப் பக்கம் குடைச்சல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நடைபாதையில் குதித்தாள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வந்த ஒருவர் ஒதுங்கி நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க, நல்ல சேதி," என்றாள்.

சாயங்காலம் கணவரிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் துணி வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். "அதாவது, உன்னை மாதிரி ஒருத்தி உள்ள புகுந்திடக் கூடாதுன்னு நீயே பூட்டு போட வெச்சிருக்கே."

"ஆமால்ல," என்றவள், சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனி மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாரமே திருத்திய மென்பொருளை அனுப்பியது. அவள் அதை ஏற்றி, வரவேற்பறைக் கணக்கில் நுழைந்து, அதே வரியை எழுதப் பார்த்தாள். 'அனுமதி இல்லை' என்றது திரை. இல்லை என்று ஒன்று சொன்னதற்காக அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. வேறு வழிகளிலெல்லாம் புகப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

"நகருங்கம்மா, நானும் ஒரு தடவை," என்று மேனேஜர் உட்கார்ந்தார். அவருக்கும் அனுமதி இல்லை. பூரித்துப்போய் எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே ரிசல்ட் வாங்க வந்தவர் கண்ணாடியைத் தட்டினார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் வரவேற்பறைப் பெண். "எனக்கும் ஒரு தடவை இல்லைன்னு சொல்லட்டும்."