யாரும் சிரிக்கவில்லையாம்

மகள் அறைக்குள் கைபேசியின் முன்னால் நடித்துக்கொண்டிருந்தாள். பாதி கட்டிய இறங்குதுறையை மூன்றாவது முறையாகத் திறந்துவைக்கும் அமைச்சராக அவள் பேசிய குரல் கதவைத் தாண்டி வந்தது. அந்த இழுத்த குரல் அப்படியே என் சின்ன மாமாவுடையது.

அன்று எங்கள் ஊரான சல்லியின் கடற்கரையில் சித்திரை விளையாட்டுப் போட்டி. எனக்குப் பத்து வயது. கடலுக்குப் போகப் படையினரிடம் பாஸ் எடுக்கவேண்டிய போர்க்காலம். மாமா சாரத்தை மடித்துக்கட்டி, கவிழ்த்த தோணியில் ஏறி நின்று சூடை மீன்களைக் கூப்பிட்டார்.

"சூடையாரே, எங்கட பாசுக்கு இவ்வளவு தூரம்தான். நீங்கள்தான் கரைக்கு வரவேணும். அடையாள அட்டையைக் கையில வச்சுக்கொண்டு வரிசையா வாங்கோ."

அப்பா கண்ணீர் வரச் சிரித்தார். ஊரே சிரித்தது.

மறுநாள் காலை படையினர் மாமாவைப் பிடித்துக்கொண்டுபோனார்கள். அது வெறும் பகிடி என்று முகாமில் சொல்ல யாராவது கூட வரும்படி அம்மா வீடு வீடாகப் போய்க் கேட்டார்.

"நான் அங்கால நிண்டனான், தங்கச்சி. ஒண்டும் கேட்கேல்லை."

"சிரிச்சதோ? நானோ?"

அப்பாவும் தான் சிரிக்கவில்லை என்றே சொன்னார். அம்மா தனியாகத்தான் போனார். நான்காம் நாள் அடிகாயங்களோடு திரும்பிய மாமா, சாகும்வரை ஒரு பகிடிகூட விடவில்லை. அடித்தவர்களைவிட, முன்வரிசையில் இருந்து சிரித்துவிட்டு மறுத்தவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கதவு திறந்தது. மகள் காட்டிய காணொளியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"போடட்டோ, அம்மா?"

வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது.

"போடு. நான் சிரிச்சனான் எண்டு கீழ பேரோட எழுதுறன்."

சிரித்தோம் என்று எழுதினேன், என் பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்து.