கதவில்லாத பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளுக்குக் கதவு கிடையாது. ஜன்னலும் கிடையாது. இடுப்பளவு மண்சுவர், மேலே கீற்று, நடுவில் காற்று. பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர்கள், "எவ்ளோ ஃப்ரீயா இருக்குங்க!" என்று பூரித்துப் போவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பூரித்தவள்தான்.

பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளி, பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது வளாகம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. வேம்பு, புங்கன், மண் குழைத்து விளையாட ஒரு குழி, பாத்தி கட்டிய தோட்டம். ஆசிரியைகளை மிஸ் என்று கூப்பிடக் கூடாது, அக்கா என்றுதான். எங்கள் செல்போன்கள் காலையிலேயே ஆபீஸ் டிராயருக்குள் போய்விடும். எதையும் கொல்லக் கூடாது, எறும்பைக்கூட. இதெல்லாம் எனக்குப் பிடித்த சட்டங்கள்.

பிடிக்காதது ஒன்றுதான். வேலை பார்ப்பவர்களின் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை தாயின் குழுவில் இருக்கக் கூடாது. வளாகத்துக்குள் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. விழுந்தாலும் அழுதாலும் தன் குழு அக்காவிடம்தான் போக வேண்டும். "அப்பத்தாங்க குழந்தை தன் கால்ல நிக்கும்," என்பார் தாளாளர் அம்மா. நிற்க வேண்டிய குழந்தைக்கு வயது ஐந்து. என் மகள்.

குன்னத்திலிருந்து இரண்டு பஸ் ஏறி வருவோம். வீட்டுக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவருக்குத் தூங்கவே நேரம் சரியாக இருக்கும். நான் வேலையை விட்டால் அவள் பள்ளிக்கூடம் போச்சு. அவளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் வேறு வேலைக்கும் போக முடியாது. புலிவாலைப் பிடித்த கதைதான். அதனால் தினமும் பஸ்ஸில் அவளுக்குப் பாடம் நடத்துவேன்: "உள்ள போனா என்னைய எப்புடிக் கூப்புடணும்?" ஆரம்பத்தில் அழுதாள். பிறகு சரியாகச் சொன்னாள். சரியாகச் சொன்ன அன்று நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருஷம் தோட்டத்து ஓரப் பனையில் கதண்டு கூடு கட்டியது. குளவி ஜாதிதான், ஆனால் நாலு சேர்ந்து கொட்டினால் பெரிய ஆளையே சாய்த்துவிடும். தீயணைப்பு ஆட்களை வரவழைத்துக் கொளுத்திவிடலாம் என்று சமையல்கார அக்காவும் நானும் சொல்லிப் பார்த்தோம். "அதுவும் நம்ம கேம்பஸ்ல ஒரு குடும்பம்தாங்க," என்றார் தாளாளர் அம்மா. பனையைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு பலகையும் மாட்டினார்: 'கதண்டு வீடு. மெதுவாகப் பேசுவோம்.' பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசினார்கள். ஆடிக்காற்றுக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

அன்று மதியம் அம்மியே பறக்கும்போல அடித்தது. என் குழுப் பிள்ளைகளை வாசல் கேட் பக்கம் வேப்பங்கொட்டை பொறுக்கக் கூட்டிப் போயிருந்தேன். தோட்டத்தில் காய்ந்த பனைமட்டை ஒன்று கூட்டின் மேலேயே விழுந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது அலறல் சத்தம்தான். அந்த நேரத்தில் தோட்டத்தில் எந்தக் குழு இருக்கும் என்பதும் தெரியும். என் மகளின் குழு.

அடுத்த நிமிஷம் எங்கள் பக்கமும் வந்துவிட்டன. ஒளிய வகுப்பறை எதற்கு ஆகும்? எங்களுக்குப் பக்கத்தில் கதவு என்று இருந்தது பள்ளி வேனுக்கு மட்டும்தான். பிள்ளைகளை அள்ளி உள்ளே போட்டு, கதவை இழுத்துச் சாத்தி, கண்ணாடிகளையெல்லாம் ஏற்றினேன். டிரைவர் சாவியோடு டீ குடிக்கப் போயிருந்தார். சாவி இருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது.

எங்களோடு இரண்டு கதண்டும் ஏறியிருந்தன. ஒன்று என் பிடரியில் கொட்டியது. தீக்கங்கை வைத்து அழுத்தியது மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றினேன்.

"அக்கா, கொல்லக் கூடாதுக்கா!" என்றது ஒரு பிள்ளை.

"அது பாவம்க்கா!" என்று இன்னொன்று அழுதது.

அத்தனை நாளாக நான் சொல்லிக் கொடுத்ததுதான். இரண்டையும் அடித்து நசுக்கினேன். செத்த பிறகும் அடித்தேன். பிள்ளைகள் கதண்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பயந்தார்கள்.

வேனுக்குள் அனல். சட்டையெல்லாம் நனைந்து, ஒருத்தி வாந்தி எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே புழுதி மட்டும் ஓடியது. தோட்டப் பக்கமிருந்து முதலில் சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. சத்தம் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்தேன். திறந்து ஓடினால் என் மகளிடம் போய்விடலாம். திறந்தால் இந்தப் பிள்ளைகள் மேல் மொய்த்துவிடும். பெற்றவளாக ஒரு கை இழுத்தது, இன்னொரு கையை வாந்தி எடுத்தவள் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்கக்கா போறீங்க?" என்று கேட்டாள். அந்தக் குழந்தை மேல் எனக்கு வந்த கோபத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கேயும் போகவில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

காற்று அடங்கிய பிறகு, தலையோடு சாக்கைப் போர்த்திக்கொண்டு சமையல்கார அக்கா வந்து கண்ணாடியைத் தட்டினார். "போயிருச்சுங்க, எறங்குங்க. ஒங்க புள்ள நல்லாருக்கு!" அவரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன். தோட்டத்துக் குழுவை அதன் அக்கா சமையல் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார். கடைசியாக உள்ளே போனவர் அவர்; முதுகெல்லாம் கொட்டு வாங்கி, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். என் மகளுக்குக் காதில் ஒரே ஒரு கொட்டு. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், எழுந்து வரவில்லை. நான் தூக்கியபோதும் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தீயணைப்பு வண்டி வந்தது. தாளாளர் அம்மா கண் கலங்கினார். கதண்டுக்காகவா பிள்ளைகளுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "ரொம்பப் பயந்துட்டியாடி?"

"ம்."

"அம்மா வந்து தூக்கிக்கும்னு நெனச்சியா?"

"இல்ல." யோசிக்கவே இல்லை அவள். "அங்க நீ அம்மா இல்லல்ல."

சொல்லிவிட்டு, வீங்கிய காதை என் மார்பில் படாமல் திருப்பி வைத்துத் தூங்கிப் போனாள். குன்னம் வரும் வரை நான் அழுதுகொண்டே வந்தேன். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, விட்டுரு," என்றார் அவர். ஆனால் அவளை வேறு எங்கே சேர்ப்பது என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் பள்ளி திறந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை. என்ன ஆனாலும் அம்மாவிடம் ஓடி வா என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கி நடக்கையில், கேட் தெரிந்ததும் என் கையிலிருந்து தன் கையை அவளே உருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.