இடது மூலையில் ஒரு வெளுப்பு

ஒரு லேப்டாப்பை வாங்காமலேயே அதைப் பற்றி ஓராண்டு படித்தவள் நான். கே.கே. நகரில் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. கட்டப்போகிற வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்று கணினியில் படமாகச் செய்து கொடுப்பேன். அதற்குப் பெரிய திரை வேண்டும், மணிக்கணக்கில் சூடு தாங்கவேண்டும். என்னிடம் இருந்த பழைய லேப்டாப்பில் ஒரு வீட்டின் படம் உருவாக விட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அது பாதியில் அணைந்து கிடக்கும்.

எதிர் மேசையில் என் தோழி. கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம், வாடகையைப் பகிர்ந்துகொண்டு ஒரே அறையில் அவரவர் தொழிலைப் பார்க்கிறோம். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், சேலைகளில் அச்சிடும் டிசைன்களை வரைகிறாள். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழிக்கு மாறிவிடுவாள். என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாளோ என்று எனக்குத் தோன்றும். என் புத்தி அப்படிப்பட்டது.

நான் திருவாதவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கள் வீட்டில் வயல் வேலைக்குப் போகாத முதல் ஆள். பஸ் பயணம் முழுக்க லேப்டாப் விமர்சனங்கள்தான் படிப்பேன். ஒன்றில் மூடியைத் தூக்கினால் வளைகிறதாம். இன்னொன்றில் திரை மினுக்குகிறதாம். மற்றொன்றில் ஆறே மாதத்தில் கீல் தளர்ந்துவிட்டதாம். ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். முகம் தெரியாத எவரோ எழுதிய ஒரு குறையைப் படித்ததும் அதைக் கைவிடுவேன்.

ஒரு நாள் காலையில் தோழி பையை மேசையில் வைத்தபடியே சொன்னாள்.

"ஏடி, நீ சொல்லிக்கிட்டே இருப்பேல்ல, அந்தப் பதினேழு இஞ்ச் லேப்டாப், அதை வாங்கப்போறேன். நாளைக்குக் கடைக்கு வாரியா?"

"அதுல ஸ்கிரீன் பிரச்சனை வருதுன்னு சில பேர் எழுதிருக்காங்கடி."

"எழுதுறவுக எழுதத்தான் செய்வாக. நமக்குத் தர்றதை நல்லாப் பாத்து வாங்குவோம். அதுக்குத்தான உன்னையக் கூப்புடுறேன்?"

அவளால் வாங்க முடிகிறது என்பதுகூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை. நான் ஓராண்டாக எடுக்க முடியாத முடிவை அவள் தோளிலிருந்து பையை இறக்குகிற நேரத்தில் எடுத்துவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கடையில் லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்கள். கையால் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்தேன், வளையவில்லை. கீல் இறுக்கமாக இருந்தது. விசைகள் அழுத்தமாக இறங்கின. பிறகு திரை முழுவதையும் வெள்ளையாக்கினேன், சிவப்பாக்கினேன், பச்சையாக்கினேன். ஒளிராமல் செத்த புள்ளி ஒன்றும் இல்லை. கடைசியாக முழுக் கறுப்பு. கடை வெளிச்சத்தில் கறுப்பைச் சோதிக்க முடியாது என்பதால் துப்பட்டாவை மடித்து என் தலைக்கும் திரைக்கும் மேலாகப் போட்டுக்கொண்டேன்.

"என்னக்கா, ஆவி பிடிக்கிறீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார். தோழியும் சிரித்தாள்.

துப்பட்டாவுக்குள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கீழ் மூலையில் கறுப்பு கறுப்பாக இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வெளுப்பு. திரைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம் ஓரத்தில் கசிகிறது. இந்த லேப்டாப்பைப் பற்றி நான் படித்திருந்த திரைக் குறை இதுதான்.

"எப்புடிடி இருக்கு?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

துப்பட்டாவை எடுத்தேன். "நல்லாருக்குடி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவளுடைய பொருளில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு குறை இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். குறை இருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம் என்று கடைக்காரர் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஏழு நாளும் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பழைய லேப்டாப் இரைந்துகொண்டிருக்க, எதிரே அவள் பெரிய திரையில் பூவும் கொடியுமாக இழுத்துக்கொண்டிருந்தாள். "அம்புட்டு வேகம்டி இது" என்பாள். அந்த மூலையை நினைத்துக்கொள்வேன். ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த ஆறுதல் நீடிக்காது. அவளுக்கு வேலை பெருகிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம் கருநீலச் சேலை ஒன்றுக்கு முந்தானை வரைந்தாள். அச்சடித்த மாதிரிச் சேலை வந்ததும் மேசையில் விரித்தாள். மற்ற இடமெல்லாம் கருநீலம் அலை மாதிரி மெல்ல மாற, ஒரு மூலை மட்டும் மை கொட்டியதுபோல் அடர்ந்து கிடந்தது.

"இந்த இடம் வெளுப்பா இருக்குன்னு நான்தான் ரெண்டு மூணு தடவை நீலத்தைக் கூட்டினேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "கண்ணு கெட்டுப்போச்சு போல. டாக்டர்ட்ட காட்டணும்டி."

திரையில் அவள் பார்த்த வெளுப்பு எது என்று எனக்குத் தெரியும். சேலையை மடித்து வைத்துவிட்டு நிஜமாகவே கண் மருத்துவமனைக்குப் போன் போட ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"உன் கண்ணுல ஒண்ணுமில்லடி. ஸ்கிரீன்லதான் கோளாறு. இடது மூலையில வெளிச்சம் கசியுது."

போனை வைத்தாள். திரையைக் கறுப்பாக்கி, கைகளைக் குவித்து அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கடையிலயே."

அவள் கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. அந்த அறையில் என் லேப்டாப்பின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் வந்தாள். லேப்டாப் நிறுவனத்திலிருந்து பழுது பார்ப்பவரையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் பார்த்துவிட்டு, "இம்புட்டு கசிவு எல்லாத்துலயும் இருக்கும்க்கா, இதுக்குப் புது ஸ்கிரீன் தர மாட்டாக" என்றார்.

"சரிண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து நிறம் பார்க்கவேண்டிய இடத்தை நடுத்திரைக்கு இழுத்துவைத்து வேலை செய்யப் பழகிக்கொண்டாள். அவ்வளவுதான். நானாக இருந்தால் அந்த மூலையையே வெறித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருப்பேன். அதற்கும் அவள்மேல் பொறாமையாக இருந்தது.

"உன்னைய நம்புனேன்ல?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள், மதியம் சாப்பிடும்போது. நான் தலையை நிமிர்த்தவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "சாப்புடு" என்றாள்.

சில மாதம் கழித்து நானும் வாங்கினேன். அவளைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. தனியாகப் போய் ஒரு மணி நேரத்தில் முடித்தேன். துப்பட்டாவுக்குள் பார்த்தபோது மேல் ஓரத்தில் லேசாக ஒரு கசிவு இருந்தது. "இதையே குடுங்க" என்றேன்.

அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது எழுந்து வந்து பார்த்தாள். மூடியைத் திறந்தாள், இரண்டு விசைகளைத் தட்டினாள்.

"நல்லாருக்குடி" என்றாள்.

நிஜமாகத்தான் சொன்னாளா என்று அவள் முகத்தைத் தேடினேன். அவள் அதற்குள் தன் நாற்காலிக்குத் திரும்பி, பாதியில் விட்ட பூவை வரைய ஆரம்பித்திருந்தாள்.