வலி போச்சு, ஆனால் ஆறவில்லை

திருநகரில் இருக்கும் நான் ஒரு விளையாட்டு ஆசிரியை. த்ரோபால் ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. தொடையிலிருந்து தசைநார் எடுத்து, அறுவை சிகிச்சையில் உள்ளே பொருத்தினார்கள். நான்காம் மாதமே வலி சுத்தமாகப் போய்விட்டது. இனி எதற்கு என்று, பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளையும் நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் மாலை பள்ளியில் ஆசிரியைகள் அணிக்கு ஆள் குறைந்தது. "சும்மா நின்னா போதும், வாங்க டீச்சர்" என்றார் கணக்கு ஆசிரியை. என்னால் சும்மா நிற்க முடியுமா? பந்து வந்ததும் சட்டென்று திரும்பி எகிறினேன். முட்டி மடங்கி, தொப்பென்று விழுந்தேன். வைத்த தசைநாரும் போச்சு என்று மைதானத்திலேயே அழுதுவிட்டேன்.

நல்லவேளை, ஸ்கேனில் தசைநார் அறுந்திருக்கவில்லை, வீக்கம்தான். ஆனால் மருத்துவமனையில் எனக்குப் பிசியோதெரபி பார்க்கும் தம்பி அதோடு விடவில்லை.

"வலி போச்சுன்னா ஆறிருச்சுன்னு அர்த்தமில்லக்கா. புதுசா வச்சது எலும்போட ஒட்டி உறுதியாக மாசக்கணக்குல ஆகும். தொடையில பலம் வாரதுக்குள்ள அவசரப்பட்டு ஆடித்தான் நெறைய பேருக்கு மறுபடி அறுந்துபோகுது."

"இன்னும் எம்புட்டு நாள் தம்பி?"

"மொத்தம் ஒம்பது மாசமாவது ஆகணும். அப்பறம் ஒத்தக்கால்ல குதிக்கச் சொல்லிப் பாப்பேன். பாஸானாத்தான் கிரவுண்டு."

அதுவரை நடுவராக விசில் ஊதினேன். ஒன்பதாம் மாதம் குதித்துக் காட்டிய முதல் தேர்வில் ஃபெயில். பதினோராம் மாதம் பாஸாகி மறுபடியும் ஆடினேன். தோற்றோம், ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போதெல்லாம் அடிபட்ட மாணவி யாராவது "வலியே இல்ல மிஸ், ஆடவா?" என்று ஓடிவந்தால், "சந்தோஷம்டா, டாக்டர் சீட்டைக் காட்டு" என்கிறேன்.