ஊரே கேட்ட ஒன்பதாம் அறை

மின்னசோட்டாவில் எங்கள் முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருஷமாகக் குளிப்பாட்டி, துடைத்து, துணி மாற்றிவிடுகிறவள் ஆர்டிஸ். நான் அங்கே சமையல்காரி. யார் படுக்கையை நனைத்தார்கள் என்று அவள் என்னிடம்கூட மூச்சு விட்டதில்லை.

போன வசந்தத்தில் மேனேஜர் ட்ரூடி ஆறு வாக்கி-டாக்கி வாங்கி வந்தாள். லைசென்ஸ் வேண்டாத, யாரும் வாங்கக்கூடிய சாமான். ஆர்டிஸைத் தவிர எல்லோரும் அதில் கத்த ஆரம்பித்தார்கள்: "ஒன்பதாம் ரூம் வெர்லின் மறுபடியும் பேன்ட்டோட போயிட்டார், மாத்துத் துணி கொண்டா!"

எதிரே இருக்கும் மாட்டுத் தீவனக் கடையிலும் அதே ரகம், அதே சேனல்; இங்கே கத்துவதெல்லாம் அங்கேயும் கேட்கும். வெர்லின் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சனிக்கிழமை காலை அந்தக் கடையில் குடிக்கும் ஒரு காப்பிக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பார். கடைக்காரன் லோவெல் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன வெர்லின், இன்னைக்காவது காய்ஞ்ச பேன்ட்டா?" சிரிப்பு வேறு! அன்று அறைக்குள் போனவர்தான். சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

ஆர்டிஸ் ட்ரூடி மேல் பாய்ந்தாள்.

"பெட்டியில 'பிரைவசி கோட்'னு போட்டிருக்கே, வெளிய எப்படிக் கேக்கும்?" என்றாள் ட்ரூடி.

"அது மத்தவங்க பேச்சு நம்ம காதுல விழாம தடுக்கும், அவ்வளவுதான். நாம பேசறதை ஊரே கேக்கும்."

"அப்போ குரலைக் குழப்பி அனுப்புற மாடல் நெட்ல இருக்கு. அதை வாங்கிடறேன்."

"இந்த ரகத்துல அது சட்டப்படி கூடாது. நடந்து போய்க் காதுல சொல்றதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க நிக்கல, ட்ரூடி! இருபதடி நடந்தா கால் தேஞ்சிடுமா?"

எனக்கும் சட்டத்தின் மேல் கோபமில்லை. எவனும் கேட்கக்கூடிய சாமானின் பெட்டியில் 'பிரைவசி' என்று கூசாமல் அச்சடித்தானே, அவனை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஆர்டிஸ் கையுறையைக்கூடக் கழற்றாமல் தெருவைத் தாண்டினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"லோவெல், உங்கம்மா நாலு வருஷம் எங்ககிட்ட இருந்தாங்க இல்ல?"

"ஆமா. நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க."

"அப்போ அவங்களைப் பத்தி ஊர்ல என்ன பேசிக்கிட்டாங்க?"

"ஒண்ணும் பேசலையே..."

"ஏன் பேசலைன்னு உக்காந்து யோசி."

லோவெலின் முகம் செத்துப்போயிற்று. சனிக்கிழமை அவனே வந்து ஒன்பதாம் அறைக் கதவைத் தட்டினான். வெர்லின் திறக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் திறக்கவில்லை.